ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

ஒரு வீட்டில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அந்தப் பெட்டியில் ஒரே ஓர் அலைவரிசை. வாரத்தில் ஒரே ஒரு முழு விடுமுறை நாள். அந்த நாளில் எந்த மொழிக்கு எந்த மணி நேரம் என்ற கேள்விதான் இந்தியத் தொலைக்காட்சியை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆட்டிப் படைத்தது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1963ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வந்தது முதல் பல மொழிகள் நேரத்தைப் பங்கிட்டுக் கொண்டே வளர்ந்தன. ஆகவே இந்தக் கேள்வி இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தியாவில் பங்காளிகள் அதிகம். 1980களில் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றிருந்த மொழிகள் மட்டுமே 15. அத்தனைக்கும் இருந்தது ஒரே தூர்தர்ஷன். அதனால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நிரலைப் படித்தாலே, அந்த நாட்டில் யாருடைய கை ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஊருக்கு ஒரு ஞாயிறு

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் டில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அடுத்த நகரமான பம்பாய்க்கு அது வந்து சேர 1972 வரை ஆனது. கல்கத்தா, சென்னை, லக்னோ நிலையங்கள் 1975இல் பிறந்தன. சென்னை நிலையம் ஆகஸ்டு 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1976 ஏப்ரல் முதல் நாள் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டு, தூர்தர்ஷன் தனித் துறையானது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிலையமும் தனித் தீவு. ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் தெரியாது. நிலையத்தைச் சுற்றியுள்ள மாவட்டங்களில்தான் படம் விழும். இதில் ஒரு நன்மையும் இருந்தது. எந்த நாளில் எதைக் காட்டுவது என்று அந்தந்த ஊரே ஓரளவுக்கு முடிவு செய்ய முடிந்தது.

பம்பாயில் சனிக்கிழமை மராத்திப் படம், ஞாயிற்றுக்கிழமை இந்திப் படம். கல்கத்தாவிலும் வங்காளப் படத்திற்குக் கிடைத்தது சனிக்கிழமைதான். சென்னையில் இது தலைகீழ். சனிக்கிழமை இந்திக்கு, ஞாயிறு மாலை தமிழுக்கு. ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். வார விடுமுறையின் உச்ச நேரம் யாருக்கு என்பதை அந்த ஒரு நாள்தான் காட்டியது. 1938லும் 1965லும் மொழிக்காகப் போராடிய மாநிலத்தில், ஞாயிறு மாலையை இந்திக்குக் கொடுத்துப் பார்க்கும் துணிவு யாருக்கும் வந்திருக்காது.

அந்த ஞாயிறு மாலையைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. சாலிடேர், டயனோரா என்று சென்னையில் தயாரான பெட்டிகள். மரக் கூண்டு, இழுத்து மூடும் கதவு, சில வீடுகளில் பூட்டும் உண்டு. தெருவுக்கு ஒரு வீட்டில்தான் பெட்டி இருக்கும். மாலை ஐந்து மணிக்கே அந்த வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சம்மணமிட்டு இடம் பிடித்துவிடுவார்கள். தலைக்குக் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட வீடுகளும் இருந்தன. கிராமங்களில் பஞ்சாயத்துப் பெட்டி அந்த வேலையைச் செய்தது.

படம் பாதியில் நிற்கும், செய்தி வாசிக்கப்படும், பிறகு மீண்டும் தொடரும். நடுவே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்து நின்றால் ஒருவர் மாடிக்கு ஓடி ஆண்டெனாவைத் திருப்புவார். கோளாறு நிலையத்தில் இருக்கும், திருகல் ஆண்டெனாவுக்கு. தேசியத் தலைவர் ஒருவர் காலமானால் படம் ரத்தாகி, சோக இசை ஒலிக்கும். பிள்ளைகளுக்கு அரசியல் புரிந்த முதல் நாள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

விண்ணிலிருந்து வந்த டில்லி

1982 ஆகஸ்டு 15இல் நிலைமை மாறியது. அன்றுதான் தூர்தர்ஷனின் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது; வண்ண ஒளிபரப்பும் அன்றுதான் அறிமுகமானது. நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதை நாடு முழுவதும் காட்ட வேண்டும் என்ற அவசரம் இந்த மாற்றத்தை உந்தித் தள்ளியது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் சிறு கோபுரங்கள் முளைத்தன. 1984இல் சில மாதங்கள் நாளுக்கு ஒரு கோபுரம் என்ற வேகத்தில் அவை எழுந்தன. அவற்றின் தொழில்நுட்பம் எளிமையானது. டில்லியிலிருந்து இன்சாட் செயற்கைக்கோளுக்கு அனுப்பப்படும் நிகழ்ச்சியை வாங்கி, சுற்றியுள்ள சில கிலோமீட்டருக்குப் பரப்புவது, அவ்வளவுதான். அங்கே படப்பிடிப்புக் கூடம் இல்லை, அறிவிப்பாளர் இல்லை, உள்ளூர் மொழியும் இல்லை.

இங்குதான் சிக்கல் தொடங்கியது. சென்னைக்கு அருகில் இருந்தவருக்கு ஞாயிறு மாலை தமிழ்ப் படம். சென்னை அலைகள் எட்டாத ஊரில், இந்தச் சிறு கோபுரத்தை நம்பிப் பெட்டி வாங்கியவருக்கு டில்லி கொடுத்ததுதான் கிடைத்தது. ஒரே மாநிலம், ஒரே மொழி, ஒரே விலை கொடுத்து வாங்கிய பெட்டி. ஆனால் இருவருக்கும் இரு வேறு ஞாயிறுகள்.

தென்கோடி மாவட்டங்களின் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உயரமான கம்பத்தில் ஆண்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினியின் தமிழ் நிகழ்ச்சிகள் கடல் கடந்து வந்தன. சொந்த நாட்டுத் தலைநகரம் தராத தமிழை அண்டை நாடு தந்தது. பின்னர் கொடைக்கானல் மலையில் உயர்சக்தி நிலையம் அமைந்து, சென்னை நிகழ்ச்சிகள் தென் மாவட்டங்களை எட்டின. அதன் பிறகு கதை திரும்பியது. யாழ்ப்பாணத்து வீடுகளின் ஆண்டெனாக்கள் இந்தியாவைப் பார்த்தன. சென்னையின் 'ஒலியும் ஒளியும்' அங்கே குடும்ப நிகழ்ச்சியானது.

டில்லி ஆதிக்கம் பற்றிய குறை தமிழ்நாட்டில் மட்டும் எழவில்லை. தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளுக்கு வழிகாட்ட இந்திய அரசே அமைத்த பி.சி. ஜோஷி குழு, 1985இல் வெளியான தன் அறிக்கையில் இதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. நிகழ்ச்சிகள் டில்லியையே சுற்றுகின்றன, வட்டாரங்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று. 'தொலைக்காட்சிக்கு ஓர் இந்திய ஆளுமை' என்ற பொருள்படும் தலைப்பே அதற்கு இடப்பட்டது. அறிக்கை பாராட்டப்பட்டது, பெரும்பகுதி நடைமுறைக்கு வரவில்லை.

காலை ஒன்பதரை

1987 ஜனவரி 25, ஞாயிறு. காலை ஒன்பதரை மணிக்கு ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. 52 வாரங்களுக்குத் திட்டமிடப்பட்டு 78 வாரங்களுக்கு நீண்ட அந்தத் தொடர், 1988 ஜூலை 31 வரை ஓடியது. அதே ஆண்டு அக்டோபர் 2இல் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடங்கி, 94 பகுதிகளுடன் 1990 ஜூன் 24இல் நிறைவுற்றது.

அந்த மூன்றரை ஆண்டுகளில் ஞாயிறு காலை என்பதன் பொருளே மாறியது. கடைகள் தாமதமாகத் திறந்தன. தெருக்கள் வெறிச்சோடின. சில வீடுகளில் பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றினார்கள். 'ராமாயண்' முடியப்போகிறது, உத்தர காண்டம் வராது என்று தெரிந்ததும் பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகப் போற்றும் மக்கள் அவர்கள். அவர்கள் கேட்ட கதை பின்னர் தனித் தொடராகவே வந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தி தெரியாதவர்கள் அந்த இந்தித் தொடரை உட்கார்ந்து பார்த்தார்கள். கதை தெரிந்திருந்ததால் மொழி தடையாகவில்லை. அப்படியானால் மொழிப் பூசல் எல்லாம் வெறும் கூச்சல்தானா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரக் கூடாது.

'ராமாயண்' தொடரின் தொடக்கத்தில் அது பயன்படுத்திய மூல நூல்களின் பட்டியல் வரும். வால்மீகி, துளசிதாசர் ஆகியோருடன் கம்பர் பெயரும், வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி ராமாயணங்களின் பெயர்களும் அதில் இருந்தன. ஆனால் திரையில் விரிந்த கதையில் துளசிதாசரின் மணமே தூக்கலாக இருந்தது. பல மொழிகளில் பல விதமாகச் சொல்லப்பட்ட ஒரு கதை, அரசுத் தொலைக்காட்சியின் வலிமையால் ஒரே வடிவமாக இறுகிவிடும் என்று வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் 1989இல் எச்சரித்தார். மக்கள் விரும்பிப் பார்த்தார்கள் என்பது உண்மை. விரும்பாவிட்டால் திருப்புவதற்கு வேறு அலைவரிசை இல்லை என்பதும் உண்மை.

பிற்பகல் ஒன்றரை

காலை டில்லிக்கு, மாலை சென்னைக்கு என்று கணக்கை முடித்துவிட்டால், அந்த ஞாயிறுகளின் முக்கியமான பகுதி விடுபட்டுப் போகும்.

பிற்பகல் உணவு முடியும் நேரத்தில், செவித்திறன் குறைந்தோருக்கான செய்தி கையசைவுகளுடன் வரும். அதை அடுத்து ஒரு வட்டார மொழிப் படம், நாடு முழுவதற்கும். இந்த வாரம் அசாமியம், அடுத்த வாரம் வங்காளம், அதற்கடுத்து வேறொன்று என மொழிகள் முறை வைத்து வரும். தமிழின் முறை வருவதற்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். படத்தின் அடியில் ஆங்கில வரிகள் ஓடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவருக்கு அந்த வரிகளால் பயன் இல்லை. நேரமோ உண்ட களைப்பில் கண் சொக்கும் நேரம். பெரும்பாலானவை விருது பெற்ற படங்கள், மெதுவாக நகர்பவை. தமிழ்நாட்டில் 'அவார்டு படம்' என்பது கேலிச் சொல்லானதற்கு இந்தப் பிற்பகல்களும் ஒரு காரணம்.

இருந்தாலும், சேலத்திலோ தஞ்சையிலோ இருந்த ஒருவர் அசாமிய விவசாயியின் வீட்டு முற்றத்தை வேறு எங்கே பார்த்திருக்க முடியும்? சத்யஜித் ராய், மிருணாள் சென், அடூர் கோபாலகிருஷ்ணன், அரவிந்தன், கிரீஷ் காசரவள்ளி போன்றோரின் படங்கள் பெருநகரத் திரைப்படச் சங்கங்களைத் தாண்டிச் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். அப்படங்களை எடுத்தவர்களுக்குத் திரையரங்கு கிடைக்காதபோது, தூர்தர்ஷன் தந்த ஒளிபரப்புக் கட்டணம் போட்ட முதலில் ஒரு பகுதியையாவது மீட்டுத் தந்தது.

காலையில் ஒரு மொழி எல்லாரையும் பார்க்க வைத்தது. மாலையில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியைப் பார்த்தார்கள். பிற்பகலில் மட்டும்தான் ஒரு வட்டாரம் இன்னொரு வட்டாரத்தைப் பார்த்தது. 'நாட்டு ஒற்றுமை' என்று தூர்தர்ஷன் ஓயாமல் சொன்ன சொல்லுக்கு நியாயம் செய்த நேரம், ஆள் குறைவாக இருந்த அந்த இரண்டு மணி நேரமே.

வாசல் மூடிய கதை

1991இல் ஸ்டார் தொலைக்காட்சி, 1992இல் ஜீ, 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சி, அதே ஆண்டு மலையாளத்தில் ஏசியாநெட். தெருவில் கம்பி இழுத்த கேபிள்காரர், டில்லியின் தனியுரிமையைச் சத்தமில்லாமல் முடித்து வைத்தார். 1995 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒலி ஒளி அலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பளித்தது.

தமிழுக்கு இது பெரும் வெற்றி. ஞாயிறு மாலை மட்டும் என்றிருந்தது, நாள் முழுவதும் என்றானது. தூர்தர்ஷனே வட்டார மொழிகளுக்குத் தனி அலைவரிசைகளைத் தொடங்கியது. தமிழுக்கானது 'பொதிகை' என்ற பெயரில் வளர்ந்து, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆனது.

ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் தனி அறை கிடைத்ததும், எல்லாரும் கூடியிருந்த கூடம் காலியானது. பிற்பகல் வட்டாரப் படத்தை யாரும் தடை செய்யவில்லை. பார்க்க ஆளில்லாமல் அது முக்கியத்துவம் இழந்தது. அதை நம்பியிருந்த சிறு முதலீட்டுப் படங்களும் தடுமாறின.

2020 மார்ச் 28 முதல், ஊரடங்கு நாள்களில், தூர்தர்ஷன் 'ராமாயண்' தொடரை மறு ஒளிபரப்பு செய்தது. மீண்டும் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதே ஊரடங்கில்தான் இணையத் திரைச் சேவைகளின் வழியாகத் தமிழர் பலர் மலையாளப் படங்களையும், வேறு மாநிலத்தவர் தமிழ்ப் படங்களையும் தேடிப் பார்த்தார்கள். மூடிய வாசல் ஒரு வகையில் மீண்டும் திறந்தது எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. இன்றைய வாசல் சந்தா கட்டித் தேடுபவருக்குத் திறக்கிறது. அன்றைய வாசல், தேடாதவர் வீட்டிலும் தானே திறந்து கிடந்தது.

சிறுபான்மை மொழிக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பது நியாயம். அந்த உரிமையைக் கேட்டுப் பெறத்தான் வேண்டும். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது தூர்தர்ஷன் காலத்து ஞாயிறு: அந்த மொழி பேசாத பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா?