பாதி நாற்காலி

ராணுவக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் வீட்டுக்காரம்மாவும் பாதி சிப்பாய்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர். இப்படி ஊர் ஊராகப் போகிறவளுக்கு யார் நிலையான வேலை தருவார்கள்? அப்புறம் எங்கே பென்ஷன்? 'அவருக்கு வருமே, அது போதும்' என்றுதான் அமெரிக்க ராணுவ மனைவிகள் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1981 ஜூன் 26. அந்த நம்பிக்கையில் இடி விழுந்தது.

மெக்கார்ட்டி என்று ஒரு ராணுவ டாக்டர். 1957-ல் கல்யாணம். பிற்பாடு கலிபோர்னியாவில் விவாகரத்து. மணவாழ்க்கையில் சம்பாதித்ததெல்லாம் இருவருக்கும் சரிபாதி என்பது அந்த மாநிலச் சட்டம். பென்ஷனும் சம்பாத்தியம்தானே, மனைவிக்கும் பங்கு கொடு என்றது கீழ்க்கோர்ட். டாக்டர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆறு நீதிபதிகள் அவர் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பு. ராணுவ ஓய்வூதியம் வீரருக்கே சொந்தம், மாநிலச் சட்டம் அதில் கைவைக்க முடியாது! ஆனாலும் தீர்ப்பை எழுதிய பிளாக்மனுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். இந்தப் பெண்களின் நிலைமை மோசம்தான், வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் எழுதிவைத்தார்.

அங்கே இருந்தார் பாட் ஷ்ரோடர். கொலராடோ எம்.பி. 1973-ல் ராணுவக் கமிட்டிக்கு முதன்முதலாகப் போனபோது, இவருக்கும் கறுப்பின உறுப்பினர் ரான் டெல்லம்ஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி போட்டாராம் கமிட்டித் தலைவர். பாதி நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர், பாதி பென்ஷனுக்காகப் போராடினார். 1982 செப்டம்பரில் சட்டம் வந்தது. மெக்கார்ட்டி தீர்ப்புக்கு முந்தைய நாளான 1981 ஜூன் 25-ஐக் கணக்கு வைத்து எழுதினார்கள். அப்படி ஒரு தீர்ப்பே வராத மாதிரி!

ஜெயித்தாச்சா? அவசரப்படாதீர்கள். சட்டம் யாருக்கும் தானாகப் பங்கு தரவில்லை. பிரித்துக் கொடுக்க மாநிலக் கோர்ட்டுகளுக்கு அனுமதி தந்தது, அவ்வளவுதான். கல்யாணமும் ராணுவ சேவையும் பத்து வருஷமாவது சேர்ந்து ஓடியிருந்தால் அரசாங்கமே பங்கை நேராக அனுப்பும். இல்லாவிட்டால் முன்னாள் கணவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். நிரந்தர மருத்துவ வசதிக்கு இருபது வருஷக் கல்யாணம், இருபது வருஷ சேவை, இரண்டும் சேர்ந்து ஓடியது இருபது வருஷம். மறுமணம் செய்தால் அதுவும் போச்சு.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. விமானப்படையைச் சேர்ந்த ஹோவெல் 1991-ல் விவாகரத்தானவர். பென்ஷனில் மனைவிக்குப் பாதி. பல வருஷம் கழித்து அவருக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைத்தது. அதை வாங்க, மாதம் சுமார் 250 டாலர் பென்ஷனை விட்டுக்கொடுத்தார். உதவித்தொகையில் மனைவிக்குப் பங்கில்லை. எனவே அவருக்குச் சுமார் 125 டாலர் குறைந்தது. அதை ஈடுகட்டச் சொல்ல மாநிலக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று 2017-ல் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம்.

ஆக, பாதி உண்டு. ஆனால் எதில் பாதி என்பது பல சமயம் அவர் கையில்தான் இருக்கிறது.