சாக்கினுள் முளைத்த மருந்து



கல்முனைக் கரையோரத்தில் வேளாண்மைக் குடும்பத்திற் பிறந்தவர்களுக்கு முளைகட்டுதல் புதிய செய்தியன்று. சேற்று விதைப்புக்கு நாட்குறித்தவுடன் விதைநெல்லைச் சாக்கில் இட்டு ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைப்பர். பின்னர் நீரை வடித்து, ஈரச்சாக்கினால் மூடி வைப்பர். மறுநாள் உள்ளே கைவிட்டுப் பார்த்தால் இளஞ்சூடு தெரியும். அச்சூட்டை உணர்வதற்காகவே வாப்பாவுக்குத் தெரியாமற் சாக்கின் கட்டை அவிழ்த்து, ஏச்சு வாங்கியவன் நான். சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என எவ்வூர் வயற்காரரைக் கேட்டாலும் இம்முறையைச் சொல்வர். ஆயினும் நெல்லுக்குச் செய்ததை நாம் பயற்றுக்கு அதிகம் செய்ததில்லை. பயறென்றால் அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்பதே நம் வழக்கம்.

இந்தச் சிறு வேலை பல்லாயிரம் உயிர்களோடு தொடர்புற்ற வரலாறு ஒன்று உண்டு.

பழங்காலக் கடலோடிகளைக் கொன்றவற்றுள் புயலுக்குச் சற்றும் குறையாதது ஸ்கர்வி என்னும் நோய். பல்லீறு வீங்கிக் குருதி கசியும், ஆறிய புண்ணும் மீண்டும் திறக்கும், ஈற்றில் மரணம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்டவர்களே விரைவிற் தேறினர். இருந்தும், ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கியது 1795இலேதான். இடைப்பட்ட காலத்தில் முளைகட்டிய வாற்கோதுமையின் கஷாயமே மருந்தென்று அறிஞர் சிலர் நம்பினர். 1768இற் புறப்பட்ட கப்டன் குக்கும் அதனை ஏற்றிச் சென்றார். முளை சரியானதுதான், ஆனால் அதனைச் சூளையில் உலர்த்திவிட்டனர். முளையிற் பிறந்த சத்து அந்த வெப்பத்தில் அழிந்தது. குக் தம் மாலுமிகளைக் காத்தது, கரை தொட்ட இடமெல்லாம் பசுங்கீரையும் பழமும் தேடி உண்ணச் செய்தமையினாலாகும். புகழில் ஒரு பங்கு கஷாயத்துக்குப் போயிற்று!

அடுத்த பாடம் ஈராக்கில் நிகழ்ந்தது. 1915 டிசம்பர் 7ஆம் நாள், தைகிரீஸ் நதிக்கரையிலுள்ள கூத் நகரில் பிரித்தானிய இந்தியப் படையை உதுமானியத் துருக்கியர் முற்றுகையிட்டனர். 1916 ஏப்ரல் 29ஆம் நாள் அப்படை சரணடைந்தது. உணவு குன்றியபோது ஆங்கிலச் சிப்பாய்கள் குதிரை இறைச்சி உண்டனர். இந்திய வீரர்களோ, முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியருமாக, நெடுநாள் அதனை மறுத்தனர். உண்ணலாமென்று இந்தியாவின் சமயத் தலைவர்களிடமிருந்து செய்தி வருவித்தும் அவர்கள் மனம் எளிதில் இசையவில்லை. ஒரே கோட்டைக்குள் இரு நோய்கள் தோன்றின: வெள்ளை மா உண்ட ஆங்கிலேயரை பெரிபெரி வருத்த, புதிய இறைச்சியும் பசுங்கறியும் இல்லாத இந்தியரை ஸ்கர்வி பற்றிற்று. பட்டினியிலும் தம் நெறியை விடாத அம்மனிதரை நினைக்கும்போது, அவர்தம் பையில் இருந்த பருப்பை முழுத் தானியமாக வழங்கி, நனைத்து வைக்கச் சொல்வார் எவரும் இல்லாது போயினரே என்ற துயரம் எழுகிறது.

அத்தகைய அறிவு அப்போது முற்றிலும் இல்லாமலில்லை. நோர்வே நாட்டில் ஃபூர்ஸ்ட் என்பவர், உலர்ந்த விதையில் இல்லாத ஸ்கர்வி எதிர்ப்பு முளைத்த விதையில் உண்டென 1912இலேயே காட்டியிருந்தார். போர்க்காலத்தில் இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரியெட் சிக், மார்கரெட் ஹியூம் என்னும் பெண் விஞ்ஞானிகள் அதனை ஆராய்ந்து, படைகளுக்குப் பரிந்துரைத்தனர். சேர்பியப் படைவீரரிடையே வில்ட்ஷயர் என்ற மருத்துவர் ஒருசாராருக்கு எலுமிச்சைச் சாறும் மறுசாராருக்கு முளைத்த அவரையும் வழங்கி, 1918இல் முடிவை வெளியிட்டார். முளை எலுமிச்சைக்குத் தோற்கவில்லை. உயிர்ச்சத்து சி எனப்படும் இச்சத்து இன்ன வேதிப்பொருளென உறுதியானது 1932ஆம் ஆண்டளவிலேயாம். பின்னர் 1940ஐ ஒட்டிப் பஞ்சாபின் ஹிசார் மாவட்டத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, முளைகட்டிய கடலை மக்களுக்கு மருந்தாக வழங்கப்பட்டது.

நமக்கு வருவோம். வல்லாரைச் சம்பலைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்னவெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்து உண்ணும் நாட்டில் பச்சை உணவு அந்நியமன்று. ஆனால் மாரிமழையில் கீரைப்பாத்தி நீரில் மூழ்கிவிட்டால் அச்சம்பலுக்கு இலை எங்கே? முளைக்கு நிலம் வேண்டாம். ஒரு பிடி முழுப்பயற்றைக் கழுவி இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியிற் கட்டி, நாளுக்கு இருமுறை அலசினால் இரண்டாம் நாள் முளை தோன்றும். உடைத்த பருப்பு முளைக்காது, அழுகும்.

ஒரு சங்கதியை மட்டும் மறைக்கலாகாது. முளைக்கு உகந்த அதே சூடும் ஈரமும் கிருமிக்கும் உகந்தவை. 2011இல் ஜெர்மனியில், எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டிப் பச்சையாக உண்டதனால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். விதையினுள்ளே ஒளிந்த கிருமி கழுவுவதாற் போவதில்லை. நம் கரையோரக் கிணற்று நீரையும் கொதித்தாற்றியே பயன்படுத்த வேண்டும். என் வீட்டில் முளையைச் சட்டியில் இட்டு, நன்கு சூடேறும் வரை வதக்கி இறக்குகின்றோம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பச்சையாகக் கொடுப்பதில்லை. இதனால் உயிர்ச்சத்திற் சிறிது போகும். போகட்டும். மிகுதியை ஈடுசெய்ய, இறக்கியபின் மேலே பிழிய ஒரு தேசிக்காய் இருக்கிறது.