ஓடுபாதை

தென்காசியில் நான் பள்ளியில் படித்த நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஊருக்குள் சாரல் விழுந்தால் அங்கேதான் ஒதுங்குவோம். ‘ரெட் அலர்ட் 2’ ஓடும். காசு சேர்ந்ததும் நான் ஹாரியர் விமானங்களாக வாங்கித் தள்ளுவேன். நண்பன் டாங்கிகளாக வாங்குவான். என் விமானங்கள் எதையாவது இடித்துவிட்டு, குண்டு நிரப்பத் தளத்துக்குத் திரும்பும். அதற்குள் அவன் டாங்கிகள் என் வாசலில் நிற்கும். தளம் இடிந்தால் ஹாரியர்கள் இறங்க இடமில்லாமல் விழுந்து நொறுங்கும். “பிளேன் அடிக்கும்லே, ஆனா அங்கன நிக்காது” என்பான்.

அவன் சொன்னதன் கனம் பிற்பாடு ஈழப்போரைப் பற்றி வாசித்தபோதுதான் புரிந்தது. புலிகள் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமானத்தளத்தை இரண்டு முறை தாக்கினார்கள். ஒருமுறை தரைவழியாக, இன்னொருமுறை வான்வழியாக.

2001 ஜூலை 24. 14 கரும்புலிகள் இரவில் உள்ளே புகுந்தார்கள். போர் விமானங்கள், ஹெலிகாப்டர்கள், பக்கத்தில் நின்ற பயணிகள் விமானங்கள் என 26 விமானங்கள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. உள்ளே போன 14 பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

2007 மார்ச் 26. அதே தளம். இம்முறை செக் நாட்டுத் தயாரிப்பான ஸிலின் ரகச் சிறு விமானங்கள் நள்ளிரவில் வந்து குண்டு போட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பின. விமானப்படையினர் 3 பேர் இறந்தார்கள். ஆனால் ஓடுபாதையும் போர் விமானங்களும் தப்பின.

அப்படியென்றால் வான்படை வீணா? இல்லை. ஒரு மாதம் கழித்து, உலகக்கோப்பை இறுதிப்போட்டியை இலங்கையே விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்த இரவில் அவை மறுபடி வந்தன. கொழும்பில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். எண்ணெய்க் கிடங்குகளுக்கு நேர்ந்த சேதத்தைவிட, நகரமே இருட்டில் அண்ணாந்து பார்த்ததுதான் பெரிது. அந்த விமானங்கள் சுமந்துவந்தது குண்டைவிட அதிகமாக அச்சத்தை.

அக்டோபர் 22 அன்று அனுராதபுரத்தில் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். 21 பேர் கொண்ட அணி தளத்துக்குள் புகுந்தது, பிறகு விமானங்கள் வந்து குண்டு போட்டன. அங்கேயும் நின்றிருந்த விமானங்களைக் கொளுத்தியது பெரும்பாலும் நடந்து போனவர்கள்தான்.

இப்படி எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. விளையாட்டில் 14-ம் 21-ம் திரையோரத்தில் குறையும் எண்கள். காசிருந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். இங்கே அவை ஆட்கள். தரைப்படைதான் பலன் தரும் என்று நான் சுலபமாகச் சொல்லிவிடும் முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலை வேறு.

முடிவில் எல்லாம் மண்ணுக்கே வந்து சேர்ந்தது. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி விழுந்தது. வன்னியின் ஓடுபாதைகள் ஒவ்வொன்றாக இராணுவத்தின் கைக்குப் போயின. பிப்ரவரி 20 இரவு, மிச்சமிருந்த இரண்டு விமானங்கள் வெடிமருந்தோடு கிளம்பின. ஒன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றொன்றைக் கட்டுநாயக்க அருகே சுட்டு வீழ்த்தினார்கள்.

இரண்டுமே திரும்பி வருவதற்காகக் கிளம்பியவை அல்ல. திரும்பினாலும் இறங்குவதற்கு மண் அநேகமாக மிச்சமில்லை.