தென்காசி - 66 வருஷம் மொட்டையா நின்ன கோபுரம்

அச்சன்புதூர்னு சொன்னா சென்னையில யாருக்கும் தெரியாது. தென்காசி பக்கம்னு சொல்லணும். உடனே, "ஓ, குற்றாலமா! தண்ணி விழுதா?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தர் கூட தென்காசியைப் பத்திக் கேட்டதில்லை. சீசனுக்கு வர்ற கூட்டத்துக்கு அது பஸ் மாறுற இடம், அவ்வளவுதான். அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு :-)

ஸ்கூல்ல பாண்டியர்னா மதுரையோட நிறுத்திடுறாங்க. 1311ல மாலிக் காபூர் படையெடுப்பு, அப்புறம் மதுரை சுல்தான்கள், அதுக்கப்புறம் விஜயநகரம். பாண்டியர் கதை முடிஞ்சுதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். ஆனா முடியலை. மதுரை கையை விட்டுப் போனதும் தெற்கே நகர்ந்து வந்து, பொதிகை மலைப் பக்கம் இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல ராஜ்ஜியம் நடத்தியிருக்காங்க. அவங்களுக்குத் தென்காசிப் பாண்டியர்னே பேரு. வெற்றிவேற்கை எழுதின அதிவீரராம பாண்டியர் இந்த வம்சம்தான். பேரரசு போச்சு, ஆனா ராஜாவே நூல் எழுதுற அளவுக்குத் தமிழ் இருந்திருக்கு.

இந்தக் கதையோட ஹீரோ அவருக்கு முந்தினவர், பராக்கிரம பாண்டியர் (1422-1463). வடக்கே காசிக்குப் போக முடியாதவங்களுக்காகத் தெற்கே ஒரு காசின்னு, சிற்றாத்துப் பக்கத்துல 1446ல விசுவநாதர் கோயிலைக் கட்ட ஆரம்பிச்சார். கோபுர வேலை அவர் காலத்துல முடியலை. தம்பி குலசேகர பாண்டியர்தான் முடிச்சு வச்சார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அவர் கோயில்ல பொறிச்சு வச்சிருக்கிற பாட்டுக்கல்வெட்டு. பொதுவா ராஜாக்கள் கல்வெட்டுல என்ன இருக்கும்? நான் அவனை ஜெயிச்சேன், இவன் தலையை எடுத்தேன். இவர் அப்படி இல்லை. பின்னாடி எப்பவாவது இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தா, அதைச் சரி பண்ணிக் காப்பாத்துறவர் யாரா இருந்தாலும், ஊரறிய அவரை இப்பவே பணிஞ்சுக்கறேன்னு எழுதி வச்சிருக்கார். கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாவே புரியும். நமக்கப்புறம் மெயின்டனன்ஸ் பார்க்கப் போற, முகம் தெரியாத ஆளுக்கு விட்டுட்டுப் போற கமென்ட் மாதிரி!

அவர் பயந்த மாதிரியேதான் ஆச்சு. 1924ல கோபுரம் சிதைஞ்சு போச்சு. இடி விழுந்து தீப்பிடிச்சதுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு இல்லை, 66 வருஷம் அப்படியே கிடந்திருக்கு. நான் பொறக்கும்போது புதுக் கோபுரம் வந்தாச்சு. எங்க ஆச்சிக்கு ஆனா இன்னும் பழைய ஞாபகம்தான். "நாங்க பாத்ததெல்லாம் மொட்டைக் கோபுரம்தாம்ல. தேரோட்டம் அன்னிக்குக் கூட அதை அண்ணாந்து பாக்க மனசு வராது"ம்பா. சுதந்திரம் வந்தது, பஞ்சம் வந்து போச்சு, ஆட்சிகள் மாறிச்சு, கோபுரத்துக்கு மட்டும் ஆள் வரலை. கடைசியில தினத்தந்தி சிவந்தி ஆதித்தனார் முன்னின்னு, ஊர் மக்களும் சேர்ந்து, ஒன்பது நிலையா எழுப்பினாங்க. குடமுழுக்கு 1990ல. உயரம் சுமார் 180 அடி.

அதே 1990ல இன்னொரு சின்ன ஊருக்கும் நல்ல காலம் பொறந்துச்சு. இத்தாலியில சான் ஜிமிஞானோன்னு ஒரு ஊர். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டின எழுபது சொச்சம் கோபுரங்கள்ல இப்ப 14தான் மிச்சம். அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. இப்ப அங்க உலகமே போகுது. நம்ம கோபுரத்தை பஸ் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுக் குற்றாலம் போயிடுறாங்க :-(

2025 ஏப்ரல் 7ல மறுபடியும் குடமுழுக்கு நடந்துச்சு. அதுக்கு முன்னாடி, திருப்பணி ஒழுங்கா நடக்கலைன்னு மதுரை ஐகோர்ட் கிளை வரைக்கும் வழக்கு போச்சு. பலருக்கு இது எரிச்சல். எனக்கு என்னவோ, கோயிலுக்கு ஒரு குறைன்னா கேள்வி கேட்க ஆள் இருக்காங்களேன்னு சந்தோஷம்தான். பாண்டியர் எதிர்பார்த்ததும் அதைத்தானே.

அடுத்த தடவை குற்றாலம் வந்தா ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. தென்காசிலேர்ந்து குற்றாலம் பத்தே நிமிஷம். ஜூன், ஜூலைல வந்தா கோபுர வாசல்ல ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. ஆரியங்காவுக் கணவாய் வழியா வர்ற காத்து மூஞ்சியில வந்து அடிக்கும், ஏ.சி. எல்லாம் பிச்சை வாங்கணும். உள்ளே போனா ஆள் உயரத்துக்கும் மேல ஒத்தைக் கல்லுல வடிச்ச வீரபத்திரர், ரதி, மன்மதன் சிலைகள். நகை, நகக்கண்ணு வரைக்கும் செதுக்கியிருக்கான். உலகம்மன் சன்னதியையும் விட்டுடாதீங்க.

மத்தியானம் நடை சாத்திருவாங்க. அதனால கோயில் முதல்ல, குளியல் அப்புறம். குளிச்சுட்டுப் போலாம்னு நினைச்சீங்கன்னா, அருவியை விட்டு வெளியே வரவே மாட்டீங்க.