மோல்டாவின் மீஸான் கற்கள்

மத்தியதரைக் கடலின் நடுவேயுள்ள மோல்டா ஒரு சிறிய கத்தோலிக்க நாடு. ஆயினும், அம்மக்கள் மரணத்தை 'மௌத்' என்றும் புதைகுழியை 'கபர்' என்றும் உயிரை 'ரூஹ்' என்றும் நம்மைப் போலவே சொல்கின்றனர். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் பெயர் 'ரன்டான்'. நமது றமழானின் எச்சம் அது. 870ஆம் ஆண்டு முஸ்லிம்கள் அத்தீவைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து வேரூன்றிய அரபு இன்றும் அங்கே வாழ்கிறது.

உதுமானியர் 1565இல் இட்ட முற்றுகையை முறியடித்த புனித யோவான் சபை வீரர்கள், 1570களில் வலெட்டா நகரில் தமது தேவாலயத்தைக் கட்டினர். அதன் தரை முழுவதும் கல்லறைகள்தாம். பன்னிறச் சலவைக்கற்களை வெட்டிப் பதித்த ஏறத்தாழ 400 பலகைகள். பெரும்பாலானவை 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளின் பரோக் கலைப் பாணியில் அமைந்தவை.

அங்கு எலும்புக்கூடு அரிவாள் ஏந்தி நிற்கிறது. மணற்கடிகாரத்தில் காலம் ஒழுகுகிறது. மண்டையோடு நம்மைப் பார்க்கிறது. தொழ வருவோர் பிரபுக்களின் பெயர்களை மிதித்துச் செல்ல வேண்டும். செல்வமும் குலமும் காலடிக்கு வருமென்ற பாடம் அது. 1563இல் முடிவுற்ற திரெந்துச் சங்கம், திருவுருவங்கள் மக்களுக்கு மார்க்கம் போதிக்க உதவும் என்று உறுதிப்படுத்தியது. எனவே கல்லும் போதகரானது.

நம்பிக்கையின் சின்னங்களும் அங்குண்டு. சிறகுடைய உருவங்கள் மாலையும் முடியும் ஏந்துகின்றன. சில எக்காளம் ஊதுகின்றன. அதைக் காணும் நமக்கு இஸ்ராபீல் (அலை) அவர்களின் ஸூர் நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கே எக்காளம் பெரும்பாலும் புகழின் குறியீடு. மறுமையை நாடும் கல்லிலேயே இம்மையின் பெயர் ஆசையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவ்வாசையின் உச்சத்தை 1663 முதல் 1680 வரை சபைத் தலைவராயிருந்த நிக்கொலாஸ் கொட்டோனரின் நினைவுச்சின்னத்தில் காணலாம். அதன் பாரத்தைச் சுமந்தவாறு கீழே இரு அடிமைகள் குனிந்திருக்கின்றனர். ஒருவர் ஆசியர், மற்றவர் ஆபிரிக்கர். அக்காலத்தில் முஸ்லிம் கைதிகள் பலர் அங்கே அடிமைகளாயிருந்தனர். சபையின் கப்பல்களில் துடுப்பு வலித்தனர். 1798இல் நெப்போலியன் வந்த பின்னரே அடிமை முறை ஒழிந்தது. உதுமானியக் கப்பல்களில் கிறிஸ்தவக் கைதிகள் துடுப்பு வலித்ததையும் நாம் மறைத்தல் ஆகாது. ஒருவரின் ஈடேற்றத்தை இன்னொருவரின் முதுகில் ஏற்றும் எந்தக் கல்லும், அது எவருடையதாயினும், நீதிக்கு எதிரான சாட்சியே.

அயலிலுள்ள கோஸோ தீவின் தொல்பொருள் நூதனசாலையில் வேறொரு கல் உண்டு. ஹிஜ்ரி 569, அதாவது 1174இல் மௌத்தான மைமூனா என்ற பெண்ணின் மீஸான் அது. பழைய உரோமச் சலவைக்கல் ஒன்றின் பின்புறத்தில் கூபி எழுத்தில் செதுக்கப்பட்டது. அப்போது ஆட்சி நோர்மானியக் கிறிஸ்தவரிடம் இருந்தது. உருவமில்லை, எலும்புக்கூடில்லை. குர்ஆன் வசனங்களும் தந்தையின் பெயரும் மரணத்தை நினைவூட்டும் வரிகளுமே உள்ளன.

இரு கற்களும் சொல்லும் செய்தி ஒன்றே: உலகம் நிலையற்றது. ஒன்று அதைக் கண்ணுக்குக் காட்டியது. மற்றது எழுத்தில் வைத்தது. கொட்டோனரின் பாரத்தைச் சுமக்கும் அவ்விருவருக்கோ பெயரில்லை, மீஸானுமில்லை. அவர்கள் தலைகுனிந்து நிற்கும் நாட்டில் மக்கள் இன்றும் 'மௌத்' என்கிறார்கள். அந்த ஒரு சொல்லே அவர்களுக்கான மீஸானாக எனக்குத் தோன்றுகிறது.