கெசக்கோலின் சரித்திரம்

புனா நகரத்தின் வடமேற்கே உள்ள ஔந்திலிருந்து கணேஷ்கிந்த் மேட்டைக் கடந்தால், 1817-ஆம் வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி மராட்டியப் பேஷ்வாவின் சைன்யமும் ஆங்கிலக் கும்பெனியின் சைன்யமும் மோதிய கிர்க்கிக் களம் வெகு தூரமில்லை. தளபதி பாபு கோகலே குதிரைப் படையை நடத்த, பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் பர்வதிக் குன்றின்மேல் நின்று பார்க்க, ஏறக்குறைய 2,800 பேரே கொண்ட கும்பெனிப் படைக்கு எதிரே மராட்டியர் இருட்டுமுன் பின்வாங்கிய கதையைச் சரித்திரக்காரர்கள் விஸ்தாரமாகவே சொல்லியிருக்கிறார்கள். சுட்டு முடித்த துப்பாக்கியைக் கழுவிய கதையைச் சொல்லுவோர்தாம் அரியர்.

அக்காலத்துச் சிப்பாயின் ஆயுதம், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கி. அதன் குழல் முக்கால் அங்குல விட்டமுடையதாயிருக்க, குண்டை அதனினும் சிறிதாக வார்த்ததற்குக் காரணம் கசடுதான். வெடியுப்பு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் சேர்ந்த கருமருந்து எரியும்போது, பாதிக்குமேல் வாயுவாகாமல் புகையும் கசடுமாக மிஞ்சிவிடும். அந்தக் கசடு உப்புத் தன்மையுடையதாகையால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே இரும்பைத் துருவுக்கு இரையாக்கிவிடும்.

ஆகவே, மருந்தை நனைத்துக் கெடுக்கும் தண்ணீரே, சுட்ட குழலுக்குப் பரம ஔஷதமாயிற்று. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். முதலில், மருந்து கெட்டிக்கும் கோலாகிய கெசக்கோலை உள்ளே விட்டு, அது வெளியே நீளும் அளவை வெறுங்குழலில் நீளும் அளவோடு ஒப்பிட்டு, மருந்தும் குண்டும் உள்ளே இல்லை என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பிறகு வெந்நீர் விட்டு, கோலில் சுற்றிய துணியால் கசடு நீங்கும்வரை துலக்கி, பற்றுவாய்த் துளையைக் கம்பியால் குத்தி, ஈரம் அற உலர்த்தி, கடைசியில் எண்ணெய் பூச வேண்டும். சூடான நீர் இரும்பைச் சுடவைத்து விரைவில் உலரச் செய்யும் என்பதே வெந்நீரின் விசேஷம்.

இந்தக் கசடு ராஜ்யத்தையும் அசைத்தது. திருகு வரிகள் கொண்ட என்பீல்டு துப்பாக்கியில் குண்டு தடையின்றி இறங்கவும் கசடு இளகவும் தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள். அது பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற சந்தேகம் 1857-இல் மூண்ட சிப்பாய்க் கலகமாகிய பெருநெருப்புக்குப் பொறியாயிற்று. 1866-இல் அதே துப்பாக்கியின் பின்புறத்தைத் திறந்து தோட்டா இடும் ஸ்நைடர் முறை வந்தது. 1869-இல் கிர்க்கியிலேயே தோட்டாத் தொழிற்சாலை எழுந்தது. பின்புறம் திறந்தபின், குழல் காலியா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கெசக்கோலின் அதிகாரமும் அத்துடன் தீர்ந்தது.

எனினும், பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணிலிருந்து ஆயுத பூஜைக்கு இறங்குமானால், சந்தனம் இடுமுன், வாயை உங்களையும் பிறரையும் நோக்காமல் திருப்பி, அதற்குள் மருந்து இருக்கிறதென்றே எண்ணி, விளக்கையும் ஊதுவத்தியையும் விலக்கி, விஷயம் அறிந்தவரிடம் காட்டுங்கள். ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் கழிந்தும் வெடிக்கும்.