ஜூன் 15: ரன்னிமேட்டில் நிற்கும் வண்டி

நாளிதழ்களில் ‘வரலாற்றில் இன்று’ என்றொரு சிறு கட்டம் வெளிவருவதுண்டு. மன்னர் ஒருவர் பிறந்திருப்பார். நடிகர் ஒருவர் மறைந்திருப்பார். எங்கோ ஒரு கப்பல் மூழ்கியிருக்கும். தேதி ஒன்றைத் தவிர அவற்றுக்குள் வேறு உறவு இராது. ஆயினும் அதைப் படிக்காமல் நாம் பக்கத்தைப் புரட்டுவதில்லை. தேதிகளின் சேர்க்கை தற்செயல் என்பது அறிவுக்குத் தெரியும், மனம்தான் ஒப்புவதில்லை. நீலகிரியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது நமக்கும் அப்படியொரு நாள் அகப்பட்டது. அது ஜூன் 15.

1788ஆம் ஆண்டு அந்நாளில் இங்கிலாந்தில் பிறந்தவர் ஜான் சலிவன். உதகமண்டலம் என்னும் நகரைத் தோற்றுவித்தவர். 1899ஆம் ஆண்டு அதே நாளில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது. மலைக்கு முதலில் பாதை தேடியவரின் பிறந்தநாளும், அம்மலைக்கு இரும்புப் பாதை திறந்த நாளும் ஒன்றே. இவ்வளவோடு நின்றிருந்தால் இதை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். அந்த ரயில் பாதையிலுள்ள சிறு நிலையங்களுள் ஒன்றின் பெயர் ரன்னிமேடு. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது மூல ரன்னிமேடு. அங்குதான் 1215ஆம் ஆண்டு ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்துக்கு முத்திரையிட்டார். அந்த நாளும் ஜூன் 15!

கணக்கில் கறாரானவர்கள் இங்கே குறுக்கிடுவர். 1215இல் வழங்கியது பழைய ஜூலியன் நாட்காட்டி. இன்றைய கணக்குப்படி அது ஜூன் 22 ஆகும் என்பர். உண்மையே. ஆனால் இங்கிலாந்தார் இன்றும் 15ஆம் தேதியையே கொண்டாடுகின்றனர். நாமும் அவ்வாறே கொள்வோம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலப் பெயரின் பின்பாதி புல்வெளியைக் குறிப்பது. தமிழ் எழுத்துக்கு வந்ததும் அது ‘மேடு’ ஆகிவிட்டது. இருபுறமும் மலை நிமிர்ந்து நிற்கும் இடத்தில் புல்வெளியைவிட மேடு என்பதே பொருத்தமாகப் படுகிறது. அறியாதார் இதைத் தமிழ்ப்பெயர் என்றே கொள்வர்.

சலிவனுக்கு வருவோம். 1815 முதல் 1830 வரை அவர் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர். 1819 ஜனவரி 2 அன்று புறப்பட்டு, செங்குத்தான சரிவுகளில் பல நாள் ஏறி, கோத்தகிரியை அடுத்த திம்பட்டியை அடைந்தார். அங்கே கண்ணேரிமுக்கில் அவர் கட்டிய வீடுதான் மலையில் எழுந்த முதல் ஐரோப்பிய இல்லம். பின்னர் உதகையில் கல் பங்களா எழுந்தது, ஏரி வெட்டப்பட்டது, உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கனிகளும் மலை மண்ணில் வேரூன்றின. கல் பங்களா இருந்த இடத்தில் இன்று அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. இவற்றையெல்லாம் சுற்றுலாக் கையேடுகளே சொல்லும்.

அவர் மலையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவதை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கொண்டதைக் கூறுகிறது. 1603இல் பெனிசியோ என்னும் பாதிரியார் மலபார்ப் பக்கமிருந்து ஏறித் தோடரைக் கண்டு திரும்பினார். தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்துகொண்டிருந்த மலையைக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

சலிவனே இதை உணர்ந்திருந்தார் என்பதுதான் அவரை மற்ற வெள்ளை அதிகாரிகளிடமிருந்து பிரிக்கிறது. மலை நிலம் தோடருக்கே உரியது, கம்பெனிக்கு உரியதன்று என்று அவர் வாதிட்டார். நிலத்தை எடுத்தால் அவர்களுக்குரியதைக் கொடுத்தே எடுக்க வேண்டும் என்றார். சென்னை ஆளுநர் லூஷிங்டன் இதற்கு நேர்மாறான கருத்தினர். உதகையை உடல்நலம் தேடுவோர் தங்கும் இடமாக வளர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்த அவர் காலத்தில், 1830இல், மலையின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபாரோடு சேர்க்கப்பட்டது. முடிவில் கம்பெனியின் தீர்ப்பும் சலிவனுக்கு எதிராகவே அமைந்தது. தோடருக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, நிலவுடைமை இல்லை.

ரன்னிமேட்டுச் சாசனத்தின் புகழ்பெற்ற பிரிவு, நாட்டின் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனின் உடைமையையும் பறிக்கலாகாது என்பது. அந்தச் சாசன நாளில் பிறந்த ஒருவர் அதையொத்த வாதத்தை ஒரு மலைக்குடிக்காக எடுத்துரைத்துத் தோற்றார். அதே சாசனத்தைத் தம் பெருமையாகக் கருதிய நாட்டினரே அவரைத் தோற்கடித்தனர். பின்னர் அவ்வூரின் பெயரைக் கொண்டுவந்து அம்மலைச் சரிவுக்கே சூட்டினர். இதைவிடக் கூர்மையான எள்ளலை ஒரு புனைகதையாளர் எழுதினால் செயற்கை என்று நாமே ஒதுக்கியிருப்போம்.

சலிவனைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. உதகையில் பெருநிலம் வளைத்துக்கொண்டவர்களுள் அவரும் ஒருவர். வழியைத் திறந்தவர் அவர். அவ்வழியே வந்தவர்களை அவரால் தடுக்க முடியவில்லை. அவர் மனைவி ஹென்றியேட்டாவும் மகளும் உதகையிலேயே இறந்து புனித ஸ்தேவான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். 1841இல் பதவி துறந்து தாயகம் திரும்பிய சலிவன், 1855 ஜனவரி 16 அன்று மறைந்தார். கம்பெனி ஆட்சி கங்கைக் கரையில் வளத்தை உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழியும் பஞ்சு போன்றது என்னும் உவமை நம் பொருளாதார வரலாற்று நூல்களிலெல்லாம் காணப்படும். அதைச் சொன்னவரும் இந்தச் சலிவனே. அந்தத் தேம்ஸ் கரையில்தான் ரன்னிமேடும் இருக்கிறது.

இனி ரயில். மலைக்கு ரயில் விடும் யோசனை 1854இலேயே எழுந்தது. செங்குத்தான சரிவு பொறியாளர்களை மலைக்கச் செய்தது. 1891 ஆகஸ்டில் ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டித் தொடக்கி வைத்தார். எடுத்துச் செய்த நிறுவனம் பணமின்றி நொடித்தது. வேறொரு நிறுவனம் வந்து முடித்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி உயர்கிறது பாதை. வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்களைப் பதித்து, எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறும்படி செய்தனர். ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறை இது. இரண்டு வரிசைப் பற்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக அமைந்திருப்பதால் எந்நேரமும் ஏதேனும் ஒரு பல் பிடியில் இருக்கும். ஏறும்போது எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னிருந்து தள்ளுகிறது.

குன்னூரிலிருந்து உதகைக்குப் பாதை நீள்வதற்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின; 1908 அக்டோபரில் வண்டி உதகையை அடைந்தது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சியில் கேத்தி நிலையத்தைப் பார்த்துக் கண்கலங்கிய தலைமுறைக்கு யுனெஸ்கோவின் சான்றிதழ் தேவைப்பட்டிருக்காது.

முதல் மண் வெட்டிய வென்லாக் பிரபுவின் பெயர் உதகையை அடுத்த பரந்த புல்வெளிகளுக்கும் சூட்டப்பட்டிருக்கிறது. அவை தோடரின் எருமைகள் மேய்ந்த நிலங்கள். பின்னாளில் அவற்றில் பெரும்பகுதியைச் சீகை மரங்களும் தைல மரங்களும் மூடின. பிடியரிசி போல் எஞ்சிய புல்வெளிக்கும் ஆளுநரின் பெயர்தான்.

ரயில் குன்னூரைத் தொட்டு இரண்டே ஆண்டுகளில், 1901இல், ரிவர்ஸ் என்னும் ஆய்வாளர் தோடரிடையே தங்கி அவர்தம் உறவுமுறைகளையும் சடங்குகளையும் எழுதிச் சென்றார். 1930களில் வந்த எமனோ அவர்களுடைய பாடல்களைத் திரட்டினார். எழுத்தில்லாத மொழியில், இணை இணையாக அமைந்த தொடர்களால் இயன்ற பாடல்கள் அவை. வாழ்வில் நேர்வது எதுவும் அவர்களுக்குப் பாடற்பொருளாகும் என்பது எமனோவின் கணிப்பு. அப்பாடல்களில் எருமைகளுக்குப் பெயர் உண்டு. மந்துகளுக்கும் மலைகளுக்கும் பெயர் உண்டு. ஜூன் 15 என்னும் தேதி நிகராக அவர்களுக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

வனத்தில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2006ஆம் ஆண்டில். சலிவன் வழக்காடித் தோற்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. 2022 மே மாதம் உதகையில் அவருக்குத் தமிழக அரசு சிலை வைத்தது. கண்ணேரிமுக்கிலும் அவருக்கு நினைவகம் உண்டு. பிறந்தநாளில் அங்கே மாலை அணிவிப்பர்.

மழை மண்ணைச் சரிக்காத நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் வண்டி புறப்படுகிறது. கல்லாறு கடந்ததும் பற்சக்கரம் கவ்வும் ஓசை அடிவயிற்றில் அதிர்கிறது. ரன்னிமேட்டில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. பயணிகள் இறங்கிப் பெயர்ப்பலகைக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஊதல் கேட்டதும் ஓடிவந்து ஏறிக்கொள்கின்றனர். வண்டி குன்னூரை நோக்கி மெல்ல நகர்கிறது.